பூவுக்குப் போகாத யூரியா

கொடைக்கானல், ஊட்டிப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: பேரி, பிளம்ஸ் மரங்களுக்கு யூரியாவை இப்போதே கொடுப்பதா, மொட்டு விடும்போதா? இலை கொட்ட இன்னும் சில வாரங்கள்தான் என்பதால் பதிலைத் தள்ளிப்போட முடியவில்லை.

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், எதற்கு என்று தோட்டக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மொட்டு விடும்போது வைக்கும் உரம் அந்தப் பூவுக்குப் போய்ச் சேர்வதில்லை.

அந்த நேரத்தில் மண் குளிர்ந்து கிடக்கும். வேர் சரியாக உறிஞ்சாது. மேலே நீரை இழுக்க இலையும் இல்லை. பூவுக்கும் முதல் தளிருக்கும் சோறு போடுவது போன வருஷத்து இலை. இலைப் புரதத்தில் பெரும்பங்கு ரூபிஸ்கோ, அதாவது கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி. குளிர் தொடங்கியதும் மரம் அதை உடைத்து அமினோ அமிலமாக்கி, காம்பு வழியே கிளைக்கு இறக்கிவிடுகிறது. இலை மஞ்சளாவது வீடு காலி செய்யும் வேலை. உதிர்வதற்குள் இலையிலிருந்த தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி பட்டைக்கும் வேருக்கும் போய்விடும். அங்கே புரதமாகவும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமாகவும் தங்கும். ஆர்ஜினினில் 6 கார்பன் அணுவுக்கு 4 நைட்ரஜன் அணு. சின்னப் பெட்டியில் நிறைய அடைக்கிற கெட்டிக்காரத்தனம். அடையாளம் காண நைட்ரஜன்-15 என்ற ஐசோடோப்பு கலந்த உரத்தை ஆப்பிள் மரங்களுக்குக் கொடுத்துப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள் கண்டதும் இதுதான்: முதலில் வெளியே வருவது பழைய சேமிப்பு, பிறகே வேர் எடுத்தது.

எனவே உர விளம்பரத்தில் 'பூப்பைத் தூண்டும்' என்று பார்த்தால், அடுத்த வருஷத்துப் பூ என்று படித்துக்கொள்ளுங்கள். இலைப்புள்ளி நோய் வந்து பச்சையாகவே இலை கொட்டிய மரத்துக்கு அந்தச் சேமிப்பும் இல்லை.

அறுவடைக்குப் பின் பச்சை இலையில் யூரியா தெளிப்பதும் இந்தச் சேமிப்புக்காகத்தான். இலை வாங்கிப் பட்டைக்கு அனுப்பிவிடும். உதிரப்போகிற இலை கொஞ்சம் கருகினாலும் பாதகமில்லை. கரைசலின் அளவை மட்டும் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற கேள்விகள்.

நானோ யூரியா? 2021இல் வந்தபோது 500 மில்லி பாட்டில் ஒரு மூட்டைக்கு ஈடு என்றார்கள். அந்த 4 சதவீதக் கரைசலில் இருந்தது 20 கிராம் தழைச்சத்து. 45 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்கு மேல்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறதே? பேரி மரத்தால் தொட முடியாது.

கமலா ஆரஞ்சுக்கும் இதேதானா? இல்லை, அது இலை உதிர்க்காத மரம். பழைய இலையே அதன் பெட்டி.

மரம் மொட்டையாகிவிட்டதா? இந்த வருஷம் தெளிக்க வேண்டாம், உரச் செலவாவது மிஞ்சும்.