மூட்டு சொல்லும் சேதி – 9: மஞ்சளுக்குத் துணை மிளகு

பிரண்டையைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். போன வாரம் மூட்டு வலிக்குச் சாப்பிடும் குளுக்கோசமைன் மாத்திரையைப் பார்த்தோம். அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 60 சதவீதம் பேர் வலி குறைந்ததாகச் சொன்னது நினைவிருக்கும். அந்த எண்ணை மறக்காமல் மேலே வாருங்கள். பிரண்டைக்கு முன் மஞ்சளைச் சுருக்கமாக முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மஞ்சளைப் படிக்கப் போனால் மிளகு பிடித்துக்கொண்டது; இந்த வாரம் முழுக்க அது என்னை விடவில்லை.

மிளகைக் கடித்ததும் சுருக்கென்று ஏறுகிறதே, அந்தக் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்ற பொருள். 1819-ல் அதை மிளகிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட். இந்தப் பெயரை எங்கோ கேட்டிருப்பீர்கள். மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டியின் முள் திரும்புவதைக் கண்டு, மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவை 1820-ல் உலகுக்குச் சொன்ன அதே ஓர்ஸ்டெட்தான்! பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் நாம் படித்தவர், அதற்கு முந்தைய ஆண்டு மிளகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். 1825-ல் அலுமினியத்தை முதலில் பிரித்துக் காட்டியவரும் அவரே. அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர். சிறுவயதில் அந்தக் கடையில் கூடமாட வேலை செய்து வளர்ந்தவருக்கு, ஒரு சரக்கில் எது வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கும் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் பைப்பரினைப் பிரித்த அந்த ஆண்டில் நம் தரங்கம்பாடிக் கோட்டையில் பறந்தது டென்மார்க் கொடி. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு இறங்கிய டேனியர்கள் தேடி வந்த சரக்குகளில் முக்கியமானது மிளகு. 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

மூட்டுக்கு வருவோம். மஞ்சளில் வீக்கத்தைத் தணிக்கும் பொருள் கர்க்குமின். சிக்கல் என்னவென்றால், எவ்வளவு சாப்பிட்டாலும் அது ரத்தத்தில் சேருவது சொற்பம். குடல் சுவரும் கல்லீரலும் அதன் மேல் வேறொரு பொருளை ஒட்டி, உடனே வெளியேற்றும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் ஒரு சோதனை செய்தார்கள். நோயில்லாதவர்களுக்கு 2 கிராம் கர்க்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அது தென்படவில்லை, அல்லது மிக மிகக் குறைவாக இருந்தது. அதே 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தார்கள். உடலில் சேர்ந்த அளவு 2,000 சதவீதம் கூடியது. எலிகளில் இந்தக் கூடுதல் 154 சதவீதம்தான்; மனிதர்களிடம்தான் இந்தப் பாய்ச்சல். சிறிய ஆய்வுதான். ஆனாலும் கர்க்குமின் மாத்திரைகளில் மிளகுச் சாறு சேர்க்கும் வழக்கம் உலகமெங்கும் பரவ இதுவே காரணம்.

20 மில்லிகிராம் பைப்பரினுக்கு எவ்வளவு மிளகு வேண்டும்? மிளகில் நூற்றுக்கு ஐந்து பங்காவது பைப்பரின் என்று வைத்தால் அரை கிராம்கூடத் தேவையில்லை. உள்ளங்கையில் வைத்தால் ஒரு சிட்டிகை. மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப்போட்டு ஒரு சொட்டு நெய்யும் விடுகிற நம் வீட்டுப் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். கர்க்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். நெய், மிளகு இரண்டுமே அங்கே காரணத்தோடுதான் இருக்கின்றன.

அதற்காக மஞ்சள் பால் குடித்தால் முழங்கால் வலி போய்விடும் என்று எழுத எனக்கு மனம் வராது. மஞ்சள் தூளில் கர்க்குமின் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு. ஒரு தேக்கரண்டித் தூளில் நூறு மில்லிகிராம்கூடத் தேறாது. ஆய்வுகளில் கொடுத்தது அதைப்போலப் பல மடங்கு செறிவான சாறு. தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரில் ஒரு பகுதியினருக்குத் தினம் 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, மற்றவர்களுக்கு 1,200 மில்லிகிராம் இபுப்ரோஃபென் வலி மாத்திரை. நான்கு வாரத்தில் வலி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. வயிற்றுத் தொல்லை மஞ்சள் பக்கம் குறைவு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 70 பேரிடம் 12 வாரம் பார்த்தார்கள். முதலில் சொன்ன அந்த 60 சதவீதத்தை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்: வெறும் மாத்திரையைவிட மஞ்சள் சாறு வலியைக் கூடுதலாகக் குறைத்தது. ஆனால் எம்.ஆர்.ஐ. படத்தில் மூட்டு வீக்கமோ குருத்தெலும்போ மாறவில்லை. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளரும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். வலி ஓரளவு குறையும். அதுவே பெரிய உதவிதான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். இதயத்தில் வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். கர்க்குமினாய்டுகள் 95 சதவீதம், மிளகுச் சாறு 5 மில்லிகிராம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. "மஞ்சள்தானே தம்பி, குழம்புல போடாததா? என்ன ஆகிடப்போகுது?" என்றார். "குழம்புல போடுறது வேறங்க ஐயா, இது வேற. டாக்டர்கிட்ட காட்டாம ஒண்ணுகூட போடாதீங்க" என்றேன்.

ஏன் அவ்வளவு கறாராகச் சொன்னேன்? கர்க்குமினை வெளியேற்றும் வேலையைத் தடுக்கிற பைப்பரினுக்கு, மஞ்சள் எது, மற்ற மாத்திரை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்த அழுத்தத்துக்கான ப்ராப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், வலிப்புக்கான ஃபெனிடோயின் ஆகியவற்றின் அளவையும் அது ரத்தத்தில் உயர்த்துவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குச் செறிவான மஞ்சள் சாறு ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம். பித்தப்பையில் கல் இருப்பவர்களுக்கும் இது ஆகாது. கல்லீரல் பாதிப்பு இன்னொன்று. 2022-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதித்த 10 பேரை ஆராய்ந்தது. அவர்களில் ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. அரிதுதான். ஆனால் அந்த மரபணு தனக்கு இருக்கிறதா என்று யாரும் பார்த்துவிட்டு மாத்திரை வாங்குவதில்லை.

குழம்பிலும் ரசத்திலும் பாலிலும் போடுகிற மஞ்சளையும் மிளகையும் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். நான் சொல்வதெல்லாம் டப்பாவில் வரும் செறிவான சாற்றைப் பற்றி.

பிரண்டைக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. முறிந்த எலும்பில் அது என்ன செய்கிறது என்பதெல்லாம் அடுத்த வாரம். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் மஞ்சள் மாத்திரை டப்பா இருந்தால் எடுத்து, மிளகுச் சாறு சேர்த்திருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள். சேர்த்திருந்தால், தினமும் சாப்பிடும் மற்ற மாத்திரைகளோடு அந்த டப்பாவையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சொல்லாமல் மட்டும் சாப்பிடாதீர்கள்.