பருந்துகள் கரையேறும் முனை

விடுமுறையில் போர்ட்டிக்சன் போகிறீர்களா? கடலில் குளித்ததும் திரும்பிவிடாதீர்கள். அருகிலேயே தஞ்சோங் துவான் இருக்கிறது. நெகிரி செம்பிலான் நிலம் சூழ்ந்திருந்தாலும் இம்முனை மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. காட்டுப் பாதையில் ஏறினால் 1863இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தை அடையலாம். இந்தக் கடற்பகுதியில்தான் 1606இல் டச்சுக்காரர்களும் போர்த்துகீசியரும் மோதினர்.

மார்ச் மாதமென்றால், நண்பகலில் அண்ணாந்து பாருங்கள். சுமத்ராவிலிருந்து தேன் பருந்துகள் வடக்கே திரும்பும் காலம் அது.

வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து வெப்பக் காற்று மேலெழுகிறது. பருந்து அதில் வட்டமிட்டு உயர்ந்து, இறக்கையை அதிகம் அசைக்காமலே நெடுந்தொலைவு மிதந்து செல்லும். கடல் நிலத்தைப்போல் விரைவாகச் சூடேறாது. அங்கே தாங்கிப் பிடிக்கும் காற்று குறைவு. இறக்கையடித்தே கடக்க வேண்டும். அதனால்தான் நீரிணை குறுகியுள்ள இவ்விடத்தை அவை நாடுகின்றன. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடந்து, களைத்து, மரங்களுக்குச் சற்று மேலே தாழ்வாக வருகின்றன.

விடுதிகள் நிறைந்த இக்கடற்கரையில் அவை இளைப்பாற எஞ்சியிருப்பது இச்சிறு காடுதான். தொலைநோக்கியும் தண்ணீரும் கொண்டு செல்லுங்கள். சத்தம் போடாதீர்கள், குப்பையை விட்டுவராதீர்கள். களைத்து வரும் விருந்தாளிக்கு நாம் செய்யக்கூடிய உபசரிப்பு அதுவே.