ஒரே சாலை... மூன்று ஜெர்சி!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கால்பந்து ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எந்த காலேஜ்ல சேர்க்கலாம்?" பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளில் வாங்கிய சான்றிதழ்கள் ஃபைலில் தயாராக இருக்கும். பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "எந்த காலேஜ் நிறைய கப் ஜெயிச்சிருக்கோ, அங்கேயே சேர்த்துவிடுங்க."

இந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதி, இவர்கள் தினமும் போய்வரும் சாலையிலேயே இருக்கிறது.

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி கிருஷ்ணன்கோவில் வரை சுமார் 25 கிலோமீட்டர். ராஜபாளையத்தில் 1973-ல் தொடங்கிய ராஜுக்கள் கல்லூரி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 2013-ல் வந்த ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி. கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

பக்கத்து வீட்டு நண்பர்கள் மூன்று பேர் இந்த மூன்றில் ஆளுக்கு ஒன்றில் சேர்ந்தால், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் அவர்கள் அணியப்போவது மூன்று வெவ்வேறு ஜெர்சிகள்!

இருபது இடம்... எத்தனை பேர் போட்டி?

காமராசர் பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்க வேண்டுமானால், மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் மாவட்டக் கல்லூரி மாணவர்களோடு மோத வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் என்றால் மாநிலம் முழுக்க உள்ள பொறியியல் கல்லூரிகள் போட்டிக்கு வரும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் அந்த வளாகத்து மாணவர்கள் மட்டுமே போட்டி. கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால், அங்கே வெளி மாநிலங்களில் இருந்து வந்து சேர்ந்த நல்ல ஆட்டக்காரர்களும் இருக்கலாம்.

இடம் கிடைப்பது ஏன் முக்கியம்? அரசுப் பணிக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்கப்படும் சான்றிதழ்களில் 'படிவம் 3' என்பது, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்கானது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் மூன்று வருடம் கோல் அடித்துத் தள்ளினாலும் அந்தப் படிவம் வராது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இட ஒதுக்கீடு உண்டு. எந்தப் பணிக்கு எந்த அளவு சாதனை வேண்டும் என்பது மாறுபடும். ஆனால், கையில் படிவமே இல்லாதவருக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நம்ம மாவட்டத்து சாம்பியன்

ஆட்களைச் சேர்ப்பதும் ஜெயிப்பதும் எப்படி ஒன்றோடு ஒன்று பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம். இதே விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டியில் உள்ள சேது பொறியியல் கல்லூரியோடு தொடர்புடைய பெண்கள் கால்பந்து அணி, சேது எஃப்.சி. 2016-ல் தொடங்கிய இந்த அணி, மூன்றே ஆண்டுகளில் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றது. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வீழ்த்தியது.

அந்த அணியில் கடலூர் இந்துமதி கதிரேசன் போன்ற தமிழகப் பெண்களும் இருந்தார்கள். நேபாளத்தில் இருந்து வந்த சபித்ரா பண்டாரியும் இருந்தார். அடுத்த சீசனில் சபித்ரா கோகுலம் கேரளா அணிக்குப் போனார். 2020 பிப்ரவரியில் நடந்த இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் அவர் அடித்த கோலில் கோகுலம் 3-2 என ஜெயித்தது. கோப்பையும் கேரளாவுக்குப் போனது.

சேது அதோடு காணாமல்போய்விடவில்லை. 2021-22 சீசனில் கடைசி ஆட்டம் வரை பட்டத்துக்குப் போராடி, கோகுலத்திடம் தோற்று இரண்டாம் இடம் பிடித்தது. வெளியில் இருந்து வந்த நட்சத்திரம் போனாலும், அணி நிலைத்து நின்றது.

பஞ்சாப் முதல் அலபாமா வரை

ஒட்டுமொத்த விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்கு 1956-57 முதல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை தரப்படுகிறது. அமிர்தசரஸ் குருநானக் தேவ் பல்கலைக்கழகம் அதை 20 முறைக்கு மேல் வென்றிருக்கிறது. 2024-க்கான கோப்பையோ, 2012-ல் தொடங்கிய தனியார் பல்கலைக்கழகமான சண்டிகர் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பழைய பல்கலைக்கழகங்கள் தங்கள் இணைப்புக் கல்லூரிகளில் பல ஆண்டுகளாக வீரர்களை வளர்த்தெடுத்தன. புதிய தனியார் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை தந்து, தேறிய வீரர்களையே சேர்க்கின்றன. இரண்டு வழியிலும் கோப்பை வரும். ஆனால், இப்போதுதான் ஆட்டம் பழகிவரும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், பள்ளி மாணவர்களுக்கே நட்சத்திர மதிப்பீடு கொடுத்துவிடுவார்கள். நிறைய நட்சத்திரங்களை அள்ளிய அலபாமா பல்கலைக்கழகம், பயிற்சியாளர் நிக் சேபன் இருந்த 2007 முதல் 2023 வரையிலான காலத்தில் 6 தேசியப் பட்டங்களை வென்றது. ஆனால், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பதிவு செய்யும் முறை 2018-ல் வந்தபிறகு, முதல் வருடம் யார் சேர்ந்தார்கள் என்பதைவிட யார் தங்கினார்கள் என்பது பெரிய கேள்வியாகிவிட்டது.

அட்மிஷனுக்கு முன் ஐந்து கேள்விகள்

உடற்கல்வி இயக்குநரைப் பார்க்கும்போது கோப்பை அலமாரியை ரசிக்கலாம், தப்பில்லை. கூடவே இவற்றையும் கேளுங்கள்.

1. மூன்று வருடம் முன்பு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இப்போதும் ஆடுகிறார்கள்?

2. அவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானார்கள்?

3. எத்தனை பேர் அரியர் இல்லாமல் டிகிரி முடித்தார்கள்?

4. முழங்காலில் அடிபட்டு ஒரு சீசன் ஆட முடியாமல்போனால், கட்டணச் சலுகையும் ஹாஸ்டலும் தொடருமா? அதை எழுத்தில் தருவார்களா?

5. போட்டிக்குப் போகும் நாள்களுக்கு அட்டெண்டன்ஸ் உண்டா? தவறவிட்ட தேர்வை எழுத வழி இருக்கிறதா?

பொறியியல் படிக்க விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. அரசு கவுன்சலிங்கில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. சான்றிதழ்களின் அசல் பத்திரமாக இருக்கட்டும்.

கல்லூரி வாசலில் தொங்கும் ஃப்ளெக்ஸ் பேனரில் கோப்பையோடு நிற்பவர்களின் முகம் தெரியும். முதல் வருடம் அவர்களோடு சேர்ந்து, பாதியில் பந்தை விட்டவர்களின் முகம் அதில் இருக்காது. பணம் கட்டும் முன்பு, அவர்களில் ஒருவரைத் தேடிப்பிடித்து ஒரு டீ வாங்கிக்கொடுத்துப் பேசிவிட்டு வாருங்கள்.