முதுகுத் தட்டு அறுவையும் உடல் தேறுதலும்



கைத்தறிக்குப் பெயர் பெற்றது நம் கடையநல்லூர். தறிக்குழியில் காலை விட்டு நாள் முழுதும் நெய்வோரும், வயலில் குனிந்து நாற்று நடுவோரும் முதுகை நம்பியே வாழ்கின்றனர். "முதுகில் கத்தி வைத்தால் பிறகு படுக்கைதான்" என்னும் அச்சம் இவர்களுள் பலருக்கு உண்டு. அது எவ்வளவு உண்மை என்பதை இன்று ஆராய்வோம்.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றினிடையே மெத்தை போன்ற தட்டுகள் அமைந்துள்ளன. தட்டின் புறத்தே நார் வளையமும் நடுவே கூழ் போன்ற பொருளும் இருக்கும். வளையம் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பை அழுத்துமாயின், வலி காலுக்கு ஓடும். இவ்வுண்மையை 1934இல் பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் இருவரும் விளக்கி எழுதினர். நம் நாட்டில் நரம்பு அறுவைத் துறை வேலூரில் 1949இலும், சென்னையில் 1950இலும் தோன்றியது.

பெரும்பாலோர்க்கு இந்நோய் சில வாரங்களில் அறுவையின்றியே தணியும். தணியாதவர்க்கே அறுவை தேவைப்படும். அறுவை, நரம்பை அழுத்தும் துண்டை அகற்றுமேயன்றித் தட்டைப் புதிதாக்காது. ஆதலால் கால்வலி விரைவில் குறையும். மரத்துப்போன உணர்வு திரும்பச் சில மாதங்கள் ஆகலாம்.

தேறுதலை நிர்ணயிப்பவை யாவை? முதலாவது, காலம். நெடுநாள் நசுங்கிய நரம்பு முழுதும் மீள்வது அரிது. சிறுநீர் தடைப்பட்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் வலுவிழந்தாலோ அன்றே மருத்துவமனை செல்லுதல் வேண்டும். இரண்டாவது, புகையிலை. வளர்ந்தோரின் தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லை. அண்டை எலும்பிலிருந்து கசியும் ஊட்டமே அதற்கு உணவு. புகைபிடித்தல் அவ்வூட்டத்தைக் குறைக்கிறது. மூன்றாவது, இயக்கம். நீண்ட படுக்கை தசைகளை மெலியச் செய்யும். மருத்துவர் சொற்படி விரைவில் நடக்கத் தொடங்குவதும், சில வாரங்கள் கழித்து முறையான பயிற்சி செய்வதும் நன்மை பயக்கும். நான்காவது, மனநிலை. அசைந்தால் ஆபத்து என்று அஞ்சுவோரும் சோர்வுற்றோரும் தாமதமாகவே தேறுகின்றனர்.

உங்கள் தந்தையோ தாயோ இவ்வறுவை முடிந்து வீடு திரும்பினால், "அசையாமல் படுத்திருங்கள்" என்று சொல்லாதீர்கள். தண்ணீர்க் குடத்தை நீங்கள் சுமந்து, மாலையில் அவரோடு தெருவில் நடந்து செல்லுங்கள். மருத்துவர் தொடங்கிய பணியை நிறைவேற்றுவது அந்த நடையும் உங்கள் துணையுமேயாகும்.