நல்ல கடிதம் குப்பைக்குப் போகலாமா?

ஒரு கடிதம் காணாமல் போயிற்று. அதனால் ஒரு வழக்கில் அப்பீல் செய்யும் உரிமையே பறிபோயிற்று!

நடந்தது அமெரிக்காவில். அங்கே புளோரிடா மாநிலத்தில் தண்ணீர் வழங்கும் பொது நிறுவனம் ஒன்று இருக்கிறது. அது ஒரு வழக்கில் சிக்கியது. எதிர்த் தரப்பாரின் வக்கீல் செலவை அந்த நிறுவனம் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது. உத்தரவு இரு தரப்பு வக்கீல்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது. அப்பீல் செய்ய 30 நாள் அவகாசம்.

எதிர்த் தரப்பு வக்கீலுக்குக் கடிதம் கிடைத்தது. நிறுவனத்தின் வக்கீல் ஆபீசிலோ, அப்படி ஒரு கடிதத்தை யாரும் கண்ணால் காணவில்லை. விஷயம் தெரிய வந்தபோது, 30 நாளும் கடந்துவிட்டது.

கடிதம் வரவில்லை என்று வக்கீல்கள் முறையிட்டார்கள். கோர்ட்டு விசாரித்தது. கோர்ட்டிலிருந்து கடிதம் போயிருந்தது. வக்கீல் ஆபீஸ் கம்ப்யூட்டர் அதை வாங்கிக்கொண்டும் இருந்தது!

அப்படியானால் கடிதம் எங்கே?

வாசலில் நிறுத்தி வைத்திருந்த காவற்காரன் மீதுதான் சந்தேகம் விழுந்தது. அந்தக் காவற்காரன் மனிதன் அல்ல. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். குப்பைக் கடிதங்களை வடிகட்டுவது அதன் வேலை. இது குப்பை என்று அதற்குத் தோன்றினால், கடிதத்தை அழித்துவிடும். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாது.

2017-ல் அப்பீல் கோர்ட்டும் கையை விரித்துவிட்டது. கடிதம் வந்தது வந்ததுதான். காலம் கடந்தது கடந்ததுதான்!

குப்பை வந்த கதை

மின்னஞ்சலில் வரும் குப்பைக்கு "ஸ்பேம்" என்று பெயர். லாட்டரியில் பரிசு விழுந்திருக்கிறது, மலிவு விலையில் மாத்திரை, ஒரே மாதத்தில் லட்சாதிபதி - இப்படிக் கேட்காமலே வந்து விழும் கடிதங்கள்தான் ஸ்பேம். உண்மையில் அது டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சியின் பெயர். 1937-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1970-ல் பிரிட்டிஷ் டெலிவிஷனில் ஒரு நகைச்சுவை நாடகம் நடந்தது. அதில் ஓட்டலில் எந்தப் பலகாரத்தைக் கேட்டாலும் கூடவே "ஸ்பேம்" வந்து நிற்கும். வேண்டாம் என்றாலும் விடாது. அந்தப் பெயரே இந்தக் கடிதங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

முதல் குப்பைக் கடிதம் 1978-ம் ஆண்டு மே மாதம் போயிற்று. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை அதிகாரி, புதுக் கம்ப்யூட்டரைக் காட்டப் போகிறோம், பார்க்க வாருங்கள் என்று சுமார் 400 பேருக்கு ஒரே சமயத்தில் அனுப்பினார். பலருக்குக் கோபம் வந்தது. 400 பேருக்கே அவ்வளவு கோபம்! இன்றோ, உலகில் ஓடும் மின்னஞ்சலில் ஏறக்குறையப் பாதி இந்த ரகம்தான். வடிகட்டி இல்லாவிட்டால் யாரும் கடிதப் பெட்டியைத் திறக்கவே முடியாது.

இரண்டு தவறு

வடிகட்டி இரண்டு விதமாகத் தவறு செய்யலாம். குப்பையை நல்ல கடிதம் என்று உள்ளே விடலாம். நல்ல கடிதத்தைக் குப்பை என்று தள்ளிவிடலாம்.

இரண்டும் ஒன்றா? இல்லவே இல்லை.

வீட்டில் பாட்டி அரிசி புடைக்கிறாள். கல்லைப் பொறுக்கி எறிகிறாள். கல்லோடு நாலு அரிசி போனால், போகட்டும் என்று விட்டுவிடுவாள். ஒரு கல் தப்பி உலைக்குள் போய்விட்டால்தான் ஆபத்து. பல்லைப் பதம் பார்த்துவிடும்!

கடிதத்தில் கதை நேர் எதிர். ஒரு குப்பை உள்ளே வந்தால், பார்த்ததும் அழித்துவிடலாம். ஒரு வினாடி வேலை. ஆனால் வேலைக்கு வரச் சொல்லும் உத்தரவு குப்பைக்குப் போனால்? ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பரிசோதனை முடிவு போனால்? அது போனதே தெரியாது என்பதுதான் இதில் பெரிய கஷ்டம். தெரிந்தால் அல்லவா தேடுவதற்கு!

ஆகவே, நூற்றுக்கு எத்தனை குப்பையைப் பிடிக்கிறது என்று மட்டும் கேட்டு வடிகட்டியை மெச்சிவிடக் கூடாது. எத்தனை நல்ல கடிதத்தைக் கெடுக்கிறது என்றும் கேட்க வேண்டும். வந்த கடிதம் எல்லாவற்றையும் தூக்கி எறியும் வடிகட்டி, நூற்றுக்கு நூறு குப்பையைப் பிடித்துவிடுமே!

சொல்லைப் பார்த்து ஏமாந்த யந்திரம்

ஆரம்பத்தில் வடிகட்டிகள் சொல்லைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லின. இன்ன சொல் இருந்தால் தள்ளு என்று சட்டம் எழுதி வைத்தார்கள்.

என்ன ஆயிற்று?

இங்கிலாந்தில் ஸ்கந்தார்ப் என்று ஓர் ஊர். அதை ஆங்கிலத்தில் எழுதினால், நடுவில் நாலு எழுத்து சேர்ந்து ஓர் ஆபாசச் சொல்லாகிவிடும். 1996-ல் ஒரு பெரிய இன்டர்நெட் கம்பெனியின் ஆபாச வடிகட்டி, அந்த ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்கவே விடவில்லை. சொந்த ஊர்ப் பெயரை எழுதியதுதான் அவர்கள் செய்த குற்றம்!

"ஸ்பெஷலிஸ்ட்" என்ற சொல்லுக்கும் இதே கதி. அதன் ஆங்கில எழுத்துக்களின் நடுவே "சியாலிஸ்" என்ற மாத்திரையின் பெயர் மறைந்திருக்கிறது. குப்பைக் கடிதக்காரர்களுக்கு மிகவும் பிடித்த மாத்திரை அது.

இன்னொரு வேடிக்கை 2010-ம் ஆண்டுப் புத்தாண்டு அன்று நடந்தது. "ஸ்பேம் அசாசின்" என்பது உலகெங்கும் பயன்படும் வடிகட்டி. கடிதத்தில் காணும் ஒவ்வொரு குறைக்கும் அது குற்றப் புள்ளி போடும். வழக்கமாக 5 புள்ளி சேர்ந்தால் குப்பை. தேதியைத் தாறுமாறாக எதிர்காலத்தில் போட்டு வரும் கடிதங்களைப் பிடிக்க, அதில் ஒரு சட்டம் இருந்தது. 2010 முதல் எந்த ஆண்டு வந்தாலும் குற்றம் என்பது சட்டம். எழுதியபோது 2010 வெகு தொலைவில் இருந்தது. ஆனால் காலம் நிற்குமா? ஜனவரி முதல் தேதி பிறந்ததும், சரியான தேதியிட்ட ஒவ்வொரு கடிதத்துக்கும் 3 புள்ளிக்கு மேல் விழுந்தது. இன்னும் சிறு குறை ஏதாவது இருந்தால், நேரே குப்பைதான். அன்றே அவசரமாகத் திருத்தம் வெளியிட்டார்கள்.

பாதிரியார் கணக்கு

இதற்கு வழி சொன்னவர் ஒரு பாதிரியார்! பெயர் தாமஸ் பேய்ஸ். இங்கிலாந்துக்காரர். 1761-ல் இறந்தார். அவர் எழுதி வைத்த கணக்கு, 1763-ல் அச்சாயிற்று. ஒரு விஷயத்தைப் பற்றிப் புதுத் தடயம் கிடைக்கும்போது, நம் நம்பிக்கையை எந்த அளவுக்கு மாற்றிக்கொள்வது என்பதற்கு அது வழி காட்டியது. மின்னஞ்சலை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

அந்தக் கணக்கை வைத்துக் குப்பையைப் பிரிக்கலாம் என்று 1998-லேயே விஞ்ஞானிகள் கட்டுரை எழுதினார்கள். ஆனால் பல நல்ல கடிதங்களும் சேர்ந்து போயின. ஒரு சோதனையில், குப்பையில் நூற்றுக்கு 92 பிடிபட்டது. நல்ல கடிதத்தில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று அதிகமாகப் பலியாயிற்று. நூறில் ஒன்றுதானே என்று தோன்றும். தினம் 50 கடிதம் வருகிறவருக்கு, இரண்டு நாளைக்கு ஒரு நல்ல கடிதம் போய்விடும்!

2002-ம் ஆண்டு ஆகஸ்டில் பால் கிரகாம் என்ற அமெரிக்கப் புரோகிராமர் ஒரு திட்டத்தை வெளியிட்டார். வந்த கடிதங்களை இரண்டு குவியலாகப் பிரித்தார். நல்லவை சுமார் 4,000. குப்பை சுமார் 4,000. ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று கம்ப்யூட்டரை எண்ண வைத்தார்.

ஓர் உதாரணம். குப்பைக் குவியலில் "இலவசம்" என்ற சொல் 200 முறை வருகிறது; நல்ல குவியலில் 10 முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக, 210-ல் 200 குப்பை. அந்தச் சொல் வந்தால், நூற்றுக்கு 95 பங்கு சந்தேகப்படலாம்.

கிரகாம் இங்கேதான் ஒரு காரியம் செய்தார். நல்ல குவியலில் வரும் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினார்! 10 என்பதை 20 என்று வைத்தார். இப்போது 220-ல் 200. சந்தேகம் 91 பங்காகக் குறைந்துவிட்டது. நல்ல கடிதத்தின் பக்கம் தராசை வேண்டுமென்றே சாய்த்தார் கிரகாம்.

ஒவ்வொரு கடிதத்திலும், நல்லது என்றோ குப்பை என்றோ மிகத் தெளிவாகக் காட்டும் 15 சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்தார். அவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டார். நூற்றுக்கு 90-க்கு மேல் வந்தால்தான் குப்பை. குப்பையில் ஆயிரத்துக்கு 5-க்கும் குறைவாகவே தப்பியது. நல்ல கடிதம்? அந்தச் சோதனையில் ஒன்றுகூடப் பலியாகவில்லை!

யந்திரம் தானாகக் கண்டுபிடித்த தடயங்களில் ஒன்று விசித்திரமானது. பளிச்சென்ற சிவப்பு வண்ணத்தில் எழுத்தை அச்சிடச் சொல்லும் குறியீடு, ஆபாசச் சொல்லுக்குச் சமமான குப்பை அடையாளமாக இருந்தது! எந்த மனிதரும் அதைச் சட்டமாக எழுதி வைத்திருக்க மாட்டார்.

இதில் இன்னொரு நன்மை உண்டு. வடிகட்டி உங்கள் கடிதங்களைப் பார்த்தே பாடம் படிக்கிறது. மருந்துக் கடைக்காரருக்கு மாத்திரைப் பெயர் சர்வ சாதாரணம். அவர் பெட்டியில் அது குற்றம் ஆகாது. மற்றொருவர் பெட்டியில் ஆகும்.

ஆள் யார் என்று பார்

குப்பைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சொல்லை எழுத்து மாற்றி எழுதினார்கள். சொல்லே இல்லாமல் படமாக அனுப்பினார்கள். இரண்டு வருஷத்தில் ஸ்பேம் தொல்லை தீர்ந்துவிடும் என்று 2004 ஜனவரியில் பில் கேட்ஸ் சொன்னார். தீரவில்லை.

ஆகவே, கடிதம் என்ன சொல்கிறது என்பதோடு, அனுப்பியவர் யார் என்றும் பார்க்கத் தொடங்கினார்கள். கடிதம் உண்மையாகவே அந்தப் பாங்கியின் கம்ப்யூட்டரில் இருந்து வந்ததா? அதில் உள்ள முத்திரை சரியா? 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் பெட்டிகளுக்குத் தினம் 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புகிறவர்கள் இப்படி முத்திரை வைத்தாக வேண்டும் என்று கூகுள் கம்பெனி சட்டம் போட்டது. வேண்டாம் என்றால் ஒரே அழுத்தலில் பெயரை நீக்கிக்கொள்ளவும் வசதி தர வேண்டும்.

முத்திரை இருப்பதால் நல்லவர் என்று ஆகிவிடாது. ஆனால் நல்லவர் பெயரில் வேறு ஒருவன் வருவது கடினம். இதனால் இரண்டு விதத் தவறும் குறைகிறது.

ஆனால் ஒரு சங்கடம். குப்பை உள்ளே வந்தால் ஒரு வினாடி நஷ்டம் என்றோம். வெறும் விளம்பரத்துக்கு அது சரி. பாங்கி போல வேஷம் போட்டு ரகசிய எண்ணைக் கேட்கும் மோசடிக் கடிதத்துக்குச் சரிவராது. அதை நம்பினால் பணம் போய்விடும். அதனால், எல்லாக் குப்பைக்கும் ஒரே தராசு என்பதும் பொருந்தாது. விளம்பரத்திடம் தாராளமாக இருக்கலாம். மோசடியிடம் கடுமையாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் விரலில் இருக்கிறது

ஜிமெயில் பெட்டியில் வரும் நல்ல கடிதங்களில், 10,000-க்கு 5-க்கும் குறைவாகவே தவறிப் போவதாக 2015-ல் கூகுள் சொன்னது. குறைவுதான். ஆனால் அந்த ஐந்தில் ஒன்று உங்கள் மகனின் இன்டர்வியூக் கடிதமாக இருக்கலாம்.

ஜிமெயில், குப்பை என்று எண்ணும் கடிதத்தை உடனே அழிப்பதில்லை. "ஸ்பேம்" என்ற தனி அறையில் போட்டு வைக்கும். அங்கே 30 நாள் இருக்கும். பிறகு தானாக அழிந்துவிடும். வாரம் ஒரு முறை அந்த அறையை எட்டிப் பாருங்கள். எதையும் திறக்க வேண்டியதில்லை. அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் பார்த்தால் போதும். நல்ல கடிதம் கிடந்தால் "ஸ்பேம் அல்ல" என்ற பொத்தானை அழுத்துங்கள். கடிதம் பெட்டிக்குத் திரும்பும். வடிகட்டிக்கும் ஒரு பாடம்.

சிலர் தாங்களே பெயர் கொடுத்து வரவழைத்த கடிதம் அலுத்துப் போனதும், "ஸ்பேம்" பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அது தவறு. பலர் அப்படிச் செய்தால், அந்தக் கடிதத்தை ஆவலோடு எதிர்பார்க்கும் மற்றவர்களுக்கும் அது போய்ச் சேராது. பெயரை நீக்கும் வசதி கடிதத்தின் அடியிலேயே இருக்கிறது.

புளோரிடா வக்கீல் ஆபீசில் இப்படி ஒரு தனி அறை இருந்திருந்தால், கோர்ட்டு உத்தரவு அங்கே பத்திரமாகக் கிடந்திருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கவனித்து வந்த நிபுணர் விசாரணையில் சாட்சி சொன்னார். கடிதத்தைச் சொல்லாமல் அழிக்கும் ஏற்பாடு வேண்டாம் என்று அவர் முன்பே எச்சரித்திருந்தார். வேறு ஏற்பாடும் சொன்னார். அதற்கு ஆண்டுதோறும் கொஞ்சம் செலவாகும். ஆபீஸ் அதை ஏற்கவில்லை.