காத்திருப்புக்கு ஒரு மாற்று வழி

கேளிக்கைப் பூங்காக்கள் மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் அணுகல் அனுமதி, பொதுவாகக் காத்திருப்பையே நீக்கும் சலுகையன்று. நெரிசலான வரிசையில் நில்லாமல், ஏறத்தாழ அதே நேரத்தை வேறிடத்தில் அமர்ந்து கழித்துவிட்டு, குறித்த வேளையில் ராட்டினத்துக்குத் திரும்ப உதவும் ஏற்பாடாகும். 2013 அக்டோபரில் அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் அறிமுகமான இம்முறை, 2024இல் பெரும்பாலும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உடையோருக்கு மட்டுமே எனச் சுருக்கப்பட்டது வருந்தத்தக்கது. நெடுநேரம் நிற்க இயலாத நோயாளியின் வலியும் மெய்யானதே.

நம் நாட்டுப் பூங்காவில் இத்தகைய அனுமதி கோரும்போது, போடிநாயக்கனூரிலும் போடிமெட்டு நோக்கி ஏறும் ஏலமலைச் சரிவுகளிலும் வாழும் மாற்றுத்திறனாளி காட்டக்கூடிய ஆவணம், மருத்துவ மதிப்பீட்டுக்குப் பின் அரசு வழங்கும் தனித்துவ அடையாள அட்டையாகும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, பொழுதுபோக்கில் சமப் பங்கேற்பையும் அரசின் கடமையாக்குகிறது. எனினும் ராட்டின வரிசைக்கான மாற்று வழியை அது தனியே குறித்துரைக்காததால், முடிவு பூங்கா நிர்வாகத்தின் கையிலேயே இருக்கிறது.