பொடி எழுத்தும் இன்சூரன்ஸ் பணமும்



அஞ்செட்டியில் ராகி, புளி, கொள்ளு மொத்த வியாபாரம் செய்பவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் என் குடோனில் மூட்டைகள் களவு போயின. பூட்டு உடையவில்லை, கள்ளச் சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாகப் போனேன். "உடைத்துப் புகுந்தால்தான் பணம்" என்று பாலிசியின் பொடி எழுத்தைக் காட்டிவிட்டார்கள். தவறாமல் பிரீமியம் கட்டி வந்த நான், அந்தப் பக்கத்தை அன்றுதான் படித்தேன்.

இப்படி மறுப்பது செல்லுமா? ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற வியாபார நிறுவனத்தின் வழக்கில், 2004-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பலவந்தமாக நுழைந்ததற்கு ஆதாரம் இல்லை; பாலிசியில் உள்ளபடிதான் பார்க்க முடியும் என்பது தீர்ப்பு. ஆனால் அந்த விளக்கம் மிகக் கடுமையானது, கம்பெனி அதைத் திருத்த வேண்டும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள்.

எல்லா வழக்கும் அப்படி முடிவதில்லை. 2000-ல் மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கில், பாலிசிதாரருக்குத் தெரிவிக்காத விலக்கு நிபந்தனையைக் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது என்று தீர்ப்பானது. 2022-ல் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கு. கடை இருந்தது கட்டடத்தின் அடித்தளத்தில். அதைத் தெரிந்துகொண்டே பாலிசி கொடுத்தார்கள். தீப்பிடித்த பிறகு, "அடித்தளத்துக்குப் பொருந்தாது" என்றார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

என் கருத்து இதுதான். நிபந்தனையே கூடாது என்று நாம் சொல்ல முடியாது. கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவனுக்கு எல்லாருடைய பிரீமியத்திலிருந்தும் பணம் கொடுத்தால் கம்பெனி நிலைக்காது. ஆனால் விற்கும்போது மறைத்து, கேட்கும்போது எடுத்துக் காட்டுவது வியாபாரம் அல்ல. மேலே நல்ல புளியும் அடியில் பூச்சி விழுந்ததுமாக மூட்டை கட்டி விற்றால் நம்மைச் சும்மா விடுவார்களா?

நாம் செய்ய வேண்டியவை:

1. ஒரு பக்க அட்டவணையோடு திருப்தி அடையாமல், நிபந்தனைகள் முழுவதையும் கேட்டு வாங்குங்கள். எதற்குப் பணம் வராது என்று ஏஜெண்டிடம் எழுதி வாங்குங்கள்.

2. விண்ணப்பத்தை நீங்களே பார்த்து நிரப்புங்கள். சரக்கை வேறு குடோனுக்கு மாற்றினால் உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

3. ஸ்டாக் புத்தகம், பில்களின் நகலை வீட்டிலும் வையுங்கள். கடையோடு கணக்கும் எரிந்தால் நஷ்டத்தை நிரூபிப்பது கடினம்.

4. களவோ தீயோ நேர்ந்தால் போலீசுக்கும் கம்பெனிக்கும் தாமதமின்றித் தகவல் கொடுங்கள்.

5. மறுத்தால் எந்த நிபந்தனைப்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள். தனி உரிமையாளரும் குறு நிறுவனங்களும் 50 லட்சம் ரூபாய் வரை சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை. கம்பெனி கைவிரித்த ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டு அவகாசம். வியாபாரி எடுத்த இன்சூரன்ஸ் என்பதற்காக அங்கே கதவை மூட முடியாது என்பதை 2023-ல் உச்ச நீதிமன்றம் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உறுதி செய்துள்ளது.

இன்று இரவு கடை அடைத்ததும் உங்கள் பாலிசியை எடுத்து ஒருமுறை படியுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நான் படித்தது காலம் கடந்த பிறகு.